சென்னையிலிருந்து யாழ்ப்பாணம்: 355 கிலோமீட்டர், எவ்வளவு நேரம்?

(அத்தியாயத்தின் ஒலிவடிவத்திலிருந்து சுருக்கித் திருத்திய எழுத்து வடிவம்.)

இன்னிக்கு எடுத்துக்கிட்டது ரொம்பச் சின்னக் கேள்வி. ஒரு விமான நிலையத்திலிருந்து இன்னொரு விமான நிலையத்துக்கு எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்? போன்ல ரெண்டு ஊர்ப் பேரைத் தட்டினா அரை விநாடியில பதில் வந்துடும். அதுக்கு எதுக்கு ஒரு எபிசோடுன்னு நீங்க கேட்கலாம். எனக்கும் மூணு வருஷத்துக்கு முன்னாடி வரைக்கும் அப்படித்தான் இருந்துச்சு.

ஊர் ரெண்டையும் முதல்லயே சொல்லிடறேன். சென்னை, யாழ்ப்பாணம். இங்க மீனம்பாக்கம், அங்க பலாலி. நடுவுல நேர்கோட்டுத் தூரம் ஏறக்குறைய 355 கிலோமீட்டர். சென்னையிலிருந்து பெங்களூருக்கு ரோட்டில போனா சுமார் 350 வரும். வெள்ளிக்கிழமை ராத்திரி ஆபீஸ் முடிஞ்சு, கோயம்பேட்டுல பஸ் ஏறித் தூங்கி, சனிக்கிழமை காலையில இறங்குறோமே, அந்தத் தூரம்தான்.

இந்த 355-ஐ நீங்க மனக்கணக்காவே போடலாம். ரெண்டு ஊரும் மேப்பில கிட்டத்தட்ட ஒரே செங்குத்துக் கோட்டுல இருக்கு. மீனம்பாக்கம் கிழக்குத் தீர்க்கரேகை 80.16 டிகிரி. பலாலி 80.07. வித்தியாசம் ஒரு டிகிரியில பத்துல ஒரு பங்குகூட இல்லை, கிழக்கு மேற்கா பார்த்தா சுமார் பத்து கிலோமீட்டர். அதனால தெற்கு நோக்கி மட்டும் கணக்குப் போட்டா போதும். மீனம்பாக்கத்தோட அட்சரேகை 12.98, பலாலி 9.79. கழிச்சா 3.19 டிகிரி. பூமியில ஒரு டிகிரி அட்சரேகைங்கறது சுமார் 111 கிலோமீட்டர். பெருக்கிப் பாருங்க, 354 சொச்சம். முடிஞ்சுது.

இன்னொரு வழியும் இருக்கு, அது விமானிகளோட வழி. அவங்க கிலோமீட்டர்ல பேச மாட்டாங்க, கடல் மைல்தான். ஒரு டிகிரியை அறுபதாப் பிரிச்சா ஒரு நிமிஷக் கோணம். அட்சரேகையில ஒரு நிமிஷக் கோணத்துக்கு உண்டான தூரத்துல பிறந்ததுதான் கடல் மைல். இப்போ அதை 1852 மீட்டர்னு நிர்ணயிச்சு வெச்சிருக்காங்க. 3.19-ஐ அறுபதால பெருக்குங்க, 191 கடல் மைல். இதனாலதான் ஒரு இணையதளம் 355-ன்னும் இன்னொண்ணு 220-ன்னும் மூணாவது ஒண்ணு 191-ன்னும் காட்டி நம்மளக் குழப்பும். கிலோமீட்டர், நம்ம ரோட்டு மைல், கடல் மைல், எல்லாமே ஒரே தூரம்தான். ஒரு ரெண்டு கிலோமீட்டர் முன்னப் பின்ன வந்தா அதுக்கும் காரணம் உண்டு. பூமியைப் பந்துன்னு வெச்சுக் கணக்குப் போடுறவங்களும் இருக்காங்க, துருவங்கள்ல கொஞ்சம் தட்டையான உருண்டைன்னு வெச்சுப் போடுறவங்களும் இருக்காங்க. சில தளங்கள் விமான நிலையத்தை விட்டுட்டு ஊரோட நடு இடத்துலேர்ந்து அளந்துடும். டிக்கெட் எடுக்கிற நமக்கு இதெல்லாம் ஒண்ணும் பெரிசில்லை.

நேரத்துக்கு வருவோம். அங்கதான் விஷயம் இருக்கு.

இந்த வழியில பறக்கிறது ஏடிஆர் 72. ரெண்டு இறக்கையிலயும் விசிறி சுத்தற, எழுபது எழுபத்தஞ்சு பேர் உட்காரக்கூடிய சின்ன விமானம். சேலத்துக்கோ தூத்துக்குடிக்கோ போனவங்க ஏறியிருப்பீங்க. வால் பக்கத்துக் கதவு வழியா ஏறி, சாமானை மேல வைக்கறப்ப தலையை இடிச்சுப்போமே, அதுதான். அது சீரா பறக்கிற வேகம் மணிக்குச் சுமார் 500 கிலோமீட்டர். 355-ஐ 500-ஆல வகுத்தா 43 நிமிஷம். ஆனா டிக்கெட்டுல ஒன்றே கால் மணி நேரம்னு போட்டிருக்கும். மீதி அரை மணி நேரம் எங்க போச்சு?

விமானக் கம்பெனி டிக்கெட்டுல எழுதற நேரம் ஆகாயத்துல இருக்கிற நேரம் இல்லை. அதை பிளாக் டைம்னு சொல்லுவாங்க. நிறுத்தி வெச்சிருக்கிற விமானம் உருளாம இருக்க சக்கரத்துக்கு முட்டுக்கட்டை வைப்பாங்க இல்லையா, அதை எடுக்கிற நிமிஷத்துலேர்ந்து, போய்ச் சேர்ந்த இடத்துல மறுபடியும் முட்டுக்கட்டை வைக்கிற நிமிஷம் வரைக்கும் உள்ள நேரம். மீனம்பாக்கத்துல நம்ம விமானம் நகர ஆரம்பிச்சு, ஓடுபாதை முனைக்கு உருண்டு போய், முன்னால நிக்கற நாலு பேர் எழும்பற வரைக்கும் வரிசையில காத்திருக்கிறது எல்லாம் அதுல சேரும். சில நாள் பத்து நிமிஷம், சில நாள் இருபத்தஞ்சு.

அப்புறம் திசை. விமானம் காற்றை எதிர்த்துத்தான் எழும்பும். சென்னையோட பெரிய ஓடுபாதை கிழக்கு மேற்கா கிடக்கு. நாம போக வேண்டியது தெற்கே. கடல் காத்து வந்தா கிழக்கே பார்த்து எழும்பணும், மேல் காத்தா இருந்தா மேற்கே பார்த்து எழும்பணும். எப்படிப் போனாலும் முதல்ல தப்பான பக்கம் போய்த்தான் திரும்பணும். ஏறும்போதும் இறங்கும்போதும் 500 வேகம் கிடையாது, அதுல பாதியோ முக்காலோதான். பலாலி ஓடுபாதை வடகிழக்கிலிருந்து தென்மேற்காப் போகுது. ஆனி, ஆடியில தென்மேற்குக் காத்து வீசறப்ப, வடக்கே கடல் பக்கமிருந்து வர்ற நம்ம விமானம் அதிகம் சுத்தாம இறங்கிடலாம். மார்கழியில வாடை அடிச்சா குடாநாட்டுக்கு மேல போய், வளைஞ்சு, எதிர்ப்பக்கத்துலேர்ந்து வரணும். அதுக்கும் சில நிமிஷம். இப்படிச் சேர்த்துச் சேர்த்துத்தான் 43 நிமிஷம் 75 ஆகுது.

ஜெட் விமானம் விட்டா சீக்கிரம் போகாதான்னு கேட்டா, போகும். மணிக்கு 800-ன்னு வெச்சாலும் 355 கிலோமீட்டருக்கு 27 நிமிஷம், கூடிப் போனா பதினாறு நிமிஷம் மிச்சம். அதுவும் முழு வேகத்தைப் பிடிச்சு முடிக்கறதுக்குள்ள இறங்கற நேரம் வந்துடும். இவ்வளவு குட்டித் தூரத்துக்கு வேகத்தால பெரிய லாபம் கிடையாது. அதோட பலாலி ஓடுபாதை குட்டை, பெரிய ஜெட்டுக்குப் போதாது.

சரி, கணக்கு வாத்தியார் வேலை இதோட போதும். ஒரு தோழியைப் பத்திச் சொல்லணும்.

என்னோட வேலை பார்க்கறவங்க. யாழ்ப்பாணத்துல சுன்னாகம் பக்கம் அவங்க வீடு. படிக்கறதுக்குச் சென்னை வந்து, இங்கயே வேலை கிடைச்சுத் தங்கிட்டாங்க. பேர் வேண்டாம்னு சொன்னாங்க, இந்தக் கதையைச் சொல்லலாம்னும் அவங்கதான் சொன்னாங்க.

2022 ஜூன் கடைசி வாரம். இலங்கையில அப்போ என்ன நிலைமைன்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்நியச் செலாவணி தீர்ந்து போய், எரிபொருள் வாங்கக் காசில்லாம நாடே வரிசையில நின்ன சமயம். ஜூன் 27-ஆம் தேதி அரசாங்கம் அறிவிச்சுது, ஜூலை 10 வரைக்கும் அத்தியாவசியச் சேவைகளுக்கு மட்டும்தான் பெட்ரோல், டீசல். அந்த அறிவிப்பு வந்த மறுநாள் விடியக்காலை 5 மணிக்கு அவங்களுக்கு அம்மாகிட்டேர்ந்து போன். "அப்பாவை ஆஸ்பத்திரியில விட்டிருக்கு. உடனே வெளிக்கிட்டு வா."

இவங்க போன்ல தேடினாங்க. சென்னை, யாழ்ப்பாணம். தூரம் 355 கிலோமீட்டர்னு வந்துச்சு. விமானம்னு தேடினா ஒண்ணும் வரலை.

ஏன் வரலைன்னு புரிய, பலாலியோட கதை கொஞ்சம் தெரியணும். அது ரெண்டாம் உலகப் போர்க் காலத்துல பிரிட்டிஷ் விமானப்படை போட்ட தளம். 1947 டிசம்பர்ல ஏர் சிலோன் கம்பெனி தொடங்கினப்போ, அவங்களோட முதல் பயணமே இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியா மெட்ராஸுக்குத்தான். காங்கேசன்துறைன்னு அன்னிக்குச் சொன்னது இந்தப் பலாலித் தளத்தைத்தான். அதாவது இலங்கையோட முதல் விமானக் கம்பெனி, தன்னோட முதல் வழித்தடத்துலயே யாழ்ப்பாணத்தையும் சென்னையையும் சேர்த்துச்சு. எழுபதுகள் வரைக்கும் நடமாட்டம் இருந்த இடம். அப்புறம் போர். பலாலி ராணுவத் தளமாச்சு, சுத்தி இருந்த வலிகாமம் வடக்குக் கிராமங்கள் 1990-ல காலியாச்சு. அங்கேர்ந்து எழுந்து போன ஜனங்கள்ல சிலர் சொந்தக் காணிக்கு இன்னும் திரும்பிப் போக முடியலை. விமான நிலையத்துக்குப் போற வழியில இப்பவும் அந்த வேலிகளைப் பார்க்கலாம். போர் நடந்த காலத்துல பலாலிக்கும் கொழும்புக்கும் நடுவுல பறந்தது உயிரைப் பணயம் வெச்ச பயணம். 1998 செப்டம்பர்ல அங்கேர்ந்து இரத்மலானைக்குக் கிளம்பின லயன்ஏர் விமானம் மன்னார்க் கடல்ல விழுந்து, அதுல இருந்த 55 பேரும் போயிட்டாங்க.

போர் 2009-ல முடிஞ்சும் பத்து வருஷம் ஆச்சு, வெளிநாட்டு விமானம் வர. 2019 அக்டோபர் 17 அன்னிக்கு யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம்னு திறந்தாங்க. நவம்பர்ல அலையன்ஸ் ஏர் சென்னையிலிருந்து பறக்க ஆரம்பிச்சுது. நாலே மாசம். 2020 மார்ச்சுல கொரோனா வந்து நின்னுது. மறுபடி தொடங்கினது 2022 டிசம்பர் 12. நம்ம தோழிக்குப் போன் வந்தது ஜூன். ஆறு மாசம் முந்தி.

ஆக இருந்த ஒரே வழி கொழும்பு. சென்னையிலிருந்து கட்டுநாயக்க 645 கிலோமீட்டர். ஜெட் விமானம், சுமார் ஒன்றரை மணி நேரம். அங்கேர்ந்து வடக்கே திரும்பி வரணும்.

இந்த இடத்துல ஒரு விஷயம். இந்த எபிசோடுக்குத் தயார் பண்ணும்போது சும்மா மேப்பில மீனம்பாக்கத்தையும் கட்டுநாயக்கவையும் ஒரு கோட்டால சேர்த்துப் பார்த்தேன். அந்தக் கோடு எங்க போகுது தெரியுமா? சரியா யாழ்ப்பாணத்துக்கு மேல. தோராயமா இல்லைங்க. கணக்குப் போட்டா ஊருக்கு ரெண்டு கிலோமீட்டர் மேற்கே போகுது. நிஜ விமானம் ஸ்கேல் வெச்சுக் கோடு போட்ட மாதிரிப் பறக்காது, வான்வழிக்குன்னு குறிச்ச புள்ளிகளைத் தொட்டுத்தான் போகும், கொஞ்சம் விலகியிருக்கும். ஆனாலும் அன்னிக்குச் சாயங்காலம் அவங்க எங்கேயோ அந்தப் பக்கத்துலதான் பறந்திருக்காங்க. இதை நான் அவங்ககிட்ட சொல்லலாமா வேண்டாமான்னு ரெண்டு நாள் யோசிச்சேன். சொன்னப்போ, "தெரியும். எனக்கு ஜன்னல் சீட்தான். பார்த்துக்கொண்டே இருந்தனான். முகில்தான்"னு சொன்னாங்க.

ராத்திரி எட்டு மணிக்குக் கட்டுநாயக்கவுல இறங்கினாங்க. சாதாரண நாள்ல வேன் பிடிச்சு, ஏ9 வழியா ராத்திரியே வடக்கே கிளம்பிடலாம். எட்டு மணி நேரத்துல சுன்னாகம். அன்னிக்கு எந்த வேன்காரரும் வரத் தயாரில்லை. போறதுக்கு டீசல் இருந்தாலும் திரும்பி வர டீசல் இல்லை. எப்படியோ ஒரு ஆட்டோ பிடிச்சு வெள்ளவத்தையில சித்தப்பா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாங்க. அன்னிக்கு அதுக்குக் கொடுத்த காசு, விமான டிக்கெட்டுல பாதி. விடிஞ்சதும் கோட்டை ஸ்டேஷன். ஊர்ல வண்டியே ஓடாததால ரயில்ல நிக்க இடமில்லை. கழிவறைக் கதவு ஓரமா பையை வெச்சு, அது மேலயே உட்கார்ந்துக்கிட்டாங்க.

அவங்க அப்பாவுக்கு நடு ராத்திரியில நினைவு வந்திருக்கு. "பிள்ளை எங்க வந்திட்டுது?"ன்னு கேட்டிருக்கார். அம்மா, "கொழும்பில இறங்கிட்டாளாம், காலமை ரயில் எடுக்கிறாளாம்"னு சொல்லியிருக்காங்க. அவர் அதுக்கு, "கொழும்பிலயோ"ன்னு மட்டும் கேட்டிருக்கார். அந்தக் காலத்து ஆள். கொழும்பிலேர்ந்து ரயில் எடுத்தா எத்தனை மணி நேரம்னு அவருக்கு மனப்பாடம்.

ரயில் அனுராதபுரம் தாண்டினப்போ அம்மாவோட போன் வந்துச்சு. அப்போ மணி பத்து இருக்கும். சுன்னாகத்துல இறங்கும்போது பகல் ரெண்டு.

மொத்தம் எவ்வளவு நேரம் ஆச்சுன்னு நாங்க ரெண்டு பேரும் ரொம்ப நாள் கழிச்சுக் கூட்டிப் பார்த்தோம். கணக்குப் போடலாம்னு சொன்னது அவங்கதான், நான் இல்லை. விடியக்காலை 5 மணிக்குப் போன் வந்ததுலேர்ந்து மறுநாள் ரெண்டு மணி வரைக்கும் 33 மணி நேரம். பயணப்பட்ட தூரம் விமானம் 645, கட்டுநாயக்கவிலிருந்து கொழும்பு ஒரு 35, ரயில்ல 400. ஏறக்குறைய 1080 கிலோமீட்டர். போக வேண்டிய தூரத்துக்கு மூணு மடங்கு. அந்த 355-ஐ 33-ஆல வகுத்தா மணிக்குப் பதினோரு கிலோமீட்டர்கூட வரலை. அவங்க அப்பா தினமும் சைக்கிள்ல கடைக்குப் போவாராம். அவர் இதைவிட வேகமாப் போவார்னு சொன்னாங்க.

போன வருஷம், 2025 ஜூன்ல, அப்பாவோட திவசத்துக்கு நானும் அவங்களோட போனேன். எனக்கு அதுதான் முதல் தடவை. இலங்கைக்கு ஆன்லைன்ல முன் அனுமதி வாங்கணும், அது சுலபமா முடிஞ்சுது. 2024 செப்டம்பர்லேர்ந்து இண்டிகோவும் இந்த வழியில பறக்குது. மதியம் ரெண்டு மணி வாக்கில கிளம்பற விமானம். வேளச்சேரியிலேர்ந்து பத்து மணிக்கே கிளம்பிட்டோம். வெளிநாட்டுப் பயணம் ஆச்சே, மூணு மணி நேரம் முன்னாடி வரச் சொல்லுவாங்க. திருச்சிக்குப் போற தூரம்தான், ஆனா குடியகல்வு வரிசையில நமக்கு முன்னாடி சிங்கப்பூர் போறவங்க, துபாய் போறவங்க எல்லாரும் நின்னாங்க. 75 நிமிஷப் பயணத்துக்கு 180 நிமிஷம் விமான நிலையத்துல உட்கார்ந்திருக்கணும்.

மேல போனப்புறம் ஒரு சுகம். ஏடிஆர் ரொம்ப உயரம் போகாது, இந்தத் தூரத்துக்குப் பதினஞ்சு இருபதாயிரம் அடி போதும். அதனால கீழே எல்லாம் தெரியும். வலப்பக்கம் ஜன்னல்ல உட்காருங்க. புதுச்சேரி, கடலூர்னு கரை கூடவே வரும். ஒரு இடத்துல கரை நம்மள விட்டு விலகி மேற்கே போயிடும், வேதாரண்யம் முனை தூரத்துல தேயும், அப்புறம் பாக் நீரிணை. வெளிர் பச்சையில தண்ணி ஆழமில்லாம தெரிய ஆரம்பிச்சா, குடாநாடு வந்தாச்சு. பனைமரம் குச்சி குச்சியா தெரியும்.

கைக்கடிகாரத்தை மாத்த வேண்டாம். இலங்கையும் இப்போ நம்ம நேரம்தான், கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி முன்னால. எப்பவும் அப்படி இருந்ததில்லை. 1996-ல மின்சாரத்தை மிச்சம் பிடிக்கணும்னு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால தள்ளி வெச்சாங்க, அதே வருஷம் அரை மணி குறைச்சாங்க. 2006 ஏப்ரல்லதான் பழையபடி ஆச்சு. அந்தப் பத்து வருஷமும் ஒரே தீர்க்கரேகையில இருக்கிற ரெண்டு ஊருக்கும் ஒரே நேரத்துல சூரியன் உச்சிக்கு வந்துச்சு, கடிகாரம் மட்டும் வேற வேற மணி காட்டுச்சு.

மூணேகாலுக்கு இறங்கி, நாலு மணிக்கு வெளியே வந்து, நாலரைக்கு வீட்டு வாசல். கதவிலேர்ந்து கதவு வரைக்கும் ஆறரை மணி நேரம். 355-ஐ ஆறரையால வகுத்தா மணிக்கு ஏறக்குறைய 55 கிலோமீட்டர். நம்ம விரைவுப் பேருந்து வேகம். ஆகாயத்துல 500, டிக்கெட்டுல இருக்கிற நேரப்படி 280 சொச்சம், வீட்டுக்கு வீடு 55. எந்த ஊருக்கு டிக்கெட் எடுத்தாலும் இந்த மூணையும் போட்டுப் பாருங்க. தூரம் குறையக் குறைய இந்த மூணுக்கும் நடுவுல இடைவெளி பயங்கரமா விரியும். லண்டன் மாதிரி பத்துப் பதினோரு மணி நேரம் பறக்கிற வழியில, விமான நிலையத்துல போற நேரம் பெரிசாத் தெரியாது. அங்க வேற விஷயம், மேலடுக்குல மேற்கிலேர்ந்து கிழக்கா வீசற காத்து. திரும்பி வரும்போது அது முதுகுல தள்ளி நேரத்தை மிச்சம் பிடிச்சுக் கொடுக்கும். நம்ம வழி வடக்கு தெற்கா இருக்கிறதால காத்து பக்கவாட்டுலதான் அடிக்கும். போறதுக்கும் வர்றதுக்கும் ஒரே நேரம்.

கப்பலையும் சொல்லிடறேன், யாராவது கேட்பீங்க. நாகப்பட்டினம், காங்கேசன்துறை. சுமார் 110 கிலோமீட்டர், நாலு மணி நேரம். 2023 அக்டோபர்ல ஆரம்பிச்சு, உடனே நின்னு, 2024 ஆகஸ்ட்ல மறுபடி ஓட ஆரம்பிச்சுது. கடல் கொந்தளிச்சா கிடையாது. சென்னைக்காரங்களுக்கு நாகப்பட்டினம் போகவே ராத்திரி முழுக்க ஆகும். டெல்டா பக்கம் இருக்கிறவங்களுக்கு, நிறைய சாமான் கொண்டு போறவங்களுக்கு அதுதான் நல்லது.

அவங்க அம்மாவை நான் அன்ரின்னு கூப்பிட்டேன், அவங்க என்னைத் தம்பின்னு. கீரிமலையில சடங்கு முடிஞ்சு சாப்பிட்டு உட்கார்ந்திருந்தோம். மேல ஒரு விமானச் சத்தம். அன்ரி முத்தத்துக்கு வந்து நிமிர்ந்து பார்த்தாங்க. தினமும் அந்த நேரத்துக்கு வெளியே வந்து பார்ப்பாங்களாம். "மூண்டு மணிச் சத்தம்"னு அதுக்குப் பேரே வெச்சிருக்காங்க. அது கேட்டதும் பின்னேரத் தேத்தண்ணிக்கு அடுப்பை மூட்டறது வழக்கமாம்.

"தம்பி, உதில ஏறினா மெட்ராஸுக்கு எவ்வளவு நேரம்?"

ஒன்றே கால் மணி நேரம் அன்ரின்னேன்.

கொஞ்ச நேரம் பேசலை. கொழும்புக்கே ரெண்டு தடவைதான் போயிருக்காங்க. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு, மூணு வருஷத்துக்கு முந்தின அந்த ரெண்டு நாளைத்தான் நினைக்கிறாங்கன்னு. தோழியும் என்னைப் பார்த்தாங்க. அன்ரி நினைச்சது வேற.

"அப்ப காலமை போய்ப் பிள்ளையின்ர அறையைப் பார்த்திட்டு பின்னேரம் வரலாமோ?"

முடியாதுன்னு சொல்ல வேண்டியதாப் போச்சு. நம்ம நேரத்துக்கு விமானம் இல்லை. இது மதியம் வர்ற விமானம். வந்து, ஆளை இறக்கி, ஆளை ஏத்தி, முக்கால் மணி நேரத்துல திரும்பிடும். போனா அங்க ஒரு ராத்திரியாவது தங்கித்தான் மறுநாள் வரணும்.

"ஆட்டுக்கு ஆர் குழை வைக்கிறது?"ன்னு கேட்டுட்டு உள்ளே போனாங்க.

நாங்க திரும்பி வந்த மூணாவது வாரம் தோழிக்கு ஒரு போட்டோ வந்துச்சு. அன்ரியோட புது பாஸ்போர்ட். ஆட்டைப் பக்கத்து வீட்டுல விடறதாப் பேசி முடிச்சாச்சாம். விசா வந்துட்டா தை மாசம் வர்றாங்க. ஜன்னல் சீட், திரும்பிப் போகும்போது இடப்பக்கமா கேளுன்னு நான் சொல்லியிருக்கேன், வலப்பக்கம் கடல்தான். அட, தப்பாச் சொல்லிட்டேன். அவங்க முதல்ல வடக்கே வர்றாங்க இல்லையா, வரும்போதுதான் இடப்பக்கம், அப்போ கரை தெரியும். போகும்போது வலப்பக்கம். இதை எடிட்ல வெட்ட வேண்டாம், இருக்கட்டும்.

உங்க ஊருக்கும் நீங்க இருக்கிற ஊருக்கும் நடுவுல இந்த மூணு வேகமும் என்னன்னு போட்டுப் பார்த்து அனுப்புங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.